மட்டையா, மலையா?

திருக்கடையூரில் தேதி குறித்தாகிவிட்டது. மாசி மாதம், அப்பாவின் நட்சத்திரம் வரும் நாள். புடவை எடுத்தாயிற்று, சமையல்காரருக்கு முன்பணமும் போய்விட்டது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் அப்பாவுக்கு என்ன பரிசு கொடுப்பது என்பது மட்டும் மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் இழுத்துக்கொண்டிருந்தது.

மோதிரம், கைக்கடிகாரம் என்று முடித்துவிடக்கூடிய மனிதர் இல்லை அவர். கோல்ஃப் பைத்தியம். கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது மேலதிகாரி ஒருவர் ‘சும்மா வந்து பாருங்க’ என்று நந்தனம் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அன்று பிடித்தது, 22 வருடமாக விடவில்லை. ஞாயிறு விடியற்காலையில் கார் டிக்கியில் பையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், திரும்பும்போது மணி பதினொன்று. “ஞாயித்துக்கிழமை இவர் தட்டுல நான் சூடா இட்லி வெச்சதே கிடையாது” என்பது அம்மா எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லும் வாசகம்.

லீட்ஸில் வேலை பார்க்கும் மகன் ‘புது செட்’ என்றான். வேளச்சேரியில் இருக்கும் அக்கா ‘ட்ரிப்’ என்றாள்.

மகன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பாவின் மட்டைகள், அந்த மேலதிகாரி ஓய்வு பெற்றபோது பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போனவை. (கிளப் என்பதுதான் அதற்குச் சரியான பெயர். அந்த வார்த்தையைக் கேட்டால் பாட்டிக்குக் காபி கிளப் ஞாபகம் வந்துவிடும் என்பதால் வீட்டில் அது மட்டைதான்.) ஒருவர் பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அமெரிக்காவில் 1938லும் பிரிட்டனில் 1939லும் வந்தது. அதற்கு முன்பு 20, 25 என்று வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பை தூக்கியவர்கள்தான் பாவம். தூரமாக அடிக்க டிரைவர், நடுத்தர தூரங்களுக்கு அயர்ன்கள், மணல் பள்ளத்திலிருந்து பந்தைக் கிளப்ப வெட்ஜ், கடைசியில் குழிக்குள் உருட்டிவிடப் பட்டர். வெண்ணெய் இல்லை, இது வேறு பட்டர். பேர் பெற்ற கம்பெனியின் முழு செட் என்றால் லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும்.

பணம்கூடப் பெரிய விஷயமில்லை. கோல்ஃப் மட்டையை ஒளித்துவைத்து நீட்டுகிற பரிசாக வாங்குவதில்தான் சிக்கல். அது மூக்குக் கண்ணாடி மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். உயரம், நேராக நின்றால் மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம், வீசும் வேகம் எல்லாம் அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வயது ஏற ஏற வீச்சின் வேகம் குறையும். நாற்பதில் ஒத்துவந்த விறைப்பான எஃகுத் தண்டு அறுபதில் கைக்குப் பாரமாகும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும் லேசான கிராஃபைட் தண்டு அப்போது உதவும். மகன் ஆறடி. அப்பா ஐந்தே கால்.

“அளவெடுக்காம சட்டை தைப்பியாடா?” என்று அக்கா கேட்டதும் லீட்ஸ் கொஞ்சம் அடங்கியது.

அக்கா மனத்தில் இருந்தது கொடைக்கானல். 1895ல் தொடங்கிய கோல்ஃப் கிளப் அங்கே இருக்கிறது. பில்லர் ராக்ஸ் போகிற வழியில், மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் 18 குழி மைதானம். காட்டுமாடுகள் இறங்கி வந்து புல் மேயும். அவை நகரும்வரை ஆட்டம் நிற்கும், யாரும் அவசரப்படுத்துவதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம் என்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் 150 கஜம் போகும் பந்து அங்கே 160ஐ எட்டிவிடும். புது மட்டை விற்பவர் ஆசை காட்டுகிற அதே பத்து கஜத்தை மலை சும்மாவே கொடுக்கிறது.

“ட்ரிப்புனா ஸ்காட்லாந்துக்கு வாங்க” என்று மகன் திரும்பவும் கிளம்பினான். செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃபின் தாய்வீடு என்று உலகமே சொல்லும் ஊர். அங்குள்ள பழைய மைதானம் பணக்காரர்களின் தனிச்சொத்து இல்லை, பொது நிலம். குலுக்கலில் பெயர் விழுந்தால் வெளியூர்க்காரரும் ஆடலாம். பெரிய போட்டி நடக்கும் சமயம் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆட்டம் கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் உலாவுவார்கள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். “கோல்ஃப் பொறந்த ஊர்லயே ஞாயித்துக்கிழமை லீவாடா? இதை 22 வருஷம் முன்னாடி யாரும் எனக்குச் சொல்லலியே!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அம்மாவே கேட்டார். “சரி, கொடைக்கானலுக்கே போறோம்னு வை. அவர் காலைல ஆடப் போயிடுவார். திரும்பி வர நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். நான் ரூம்ல உக்காந்து சுவத்தைப் பார்க்கணுமா?”

இரண்டு பக்கமும் பேச்சில்லை. திருக்கடையூரில் மணையில் உட்காரப் போவது இரண்டு பேர். பரிசுப் பேச்சில் இருந்ததோ ஒருவர்தான். மட்டைக்கு ஆகும் செலவு பில்லில் தெரியும். போன ஞாயிறுகள் எந்த பில்லிலும் வராது. கோல்ஃப் ஆடுபவர்களின் வீட்டில் அந்தக் கணக்கு மனைவிக்குத்தான் தெரியும்.

அன்றிரவு அம்மா நேராகவே கேட்டுவிட்டார். “ஏங்க, பசங்க கேக்கறாங்க. புது மட்டையா, கொடைக்கானலா?”

“எதுக்கு இதெல்லாம்? காசைக் கரியாக்க வேண்டாம்னு சொல்லு.” விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “சித்திரையோட எங்க செட்டே உடையுது.”

அம்மாவுக்கு முதலில் மட்டையைச் சொல்கிறார் என்றே பட்டது. இல்லை, ஆட்களை. ஞாயிறு தவறாமல் சேர்ந்து ஆடும் நாலு பேரில் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு மெல்போர்னுக்கே போகிறார். இன்னொருவர் முழங்கால் ஆபரேஷனை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு, இனி தள்ள முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டார். “நாலு பேரும் ஒரு தடவையாவது மலைல ஆடணும்னு பேசிட்டே இருந்தோம். பேச்சோட போச்சு.”

அந்த மூன்று பேரையும் கார் ஹாரனை வைத்தே அடையாளம் சொல்வார் அம்மா. அவர்கள் மேல் எரிச்சல்பட்ட ஞாயிறுகள் எத்தனையோ. கணவர் இப்படி ஒரு குரலில் அவர்களைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

மறுநாள் காலை அம்மா போனை எடுத்தார். கூப்பிட்டது அந்த மூன்று நண்பர்களை அல்ல, அவர்கள் மனைவிகளை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மெல்போர்ன் போகப்போகும் அம்மாள் கேட்டாராம்: “நாமளும்தானே போறோம்?”

ஆக எட்டுப் பேர். கல்யாணம் முடிந்து அடுத்த வாரம் பயணம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியுமுன் கொடை ரோடு, அங்கிருந்து வேன். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், மலைக்குப் போகும் வேனுக்கு இ-பாஸ் வேண்டும் (2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு), கிளப்பில் வெளியாட்கள் ஆட முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். மூன்றையும் அக்கா ஏற்றுக்கொண்டாள்.

மகன் அனுப்பிய பணத்தில் பழைய மட்டைகளுக்குப் பிடி மட்டும் மாற்றினார்கள். ரப்பர் தேய்ந்தால் கை வழுக்கும். வழுக்காமலிருக்க இறுக்கிப் பிடித்தால் முழங்கையும் தோளும் வலிக்கும். அப்பா ஒரு வருடமாக வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வலியில் பாதி அந்த ரப்பரின் வேலையாக இருக்கலாம். 14 மட்டைக்கும் மாற்றிய செலவு ஒரு புது டிரைவர் விலைக்குக் கீழேதான் வந்தது. புது செட் வேண்டுமென்றால் மகன் ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து போய் அளவு பார்த்து வாங்கிக்கொள்ளட்டும், அவசரமில்லை.

18 குழியும் நடந்தால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. தினம் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லி அம்மாவுக்கு வருடம் இரண்டாகிறது.

“ஒம்பது குழி வரைக்கும் உங்க கூட வரேன். அதுக்கு மேல கூப்பிடக் கூடாது.”

“வா. ஆனா அடிக்கும்போது பேசக் கூடாது.”

“22 வருஷமா பேசாமதானே இருந்தேன்” என்ற அம்மா, சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு ஷூ வாங்கக் கிளம்பினார்.