யார் சொன்னது, யாரிடம் கேட்டது?

தேம்பாவணி பாடமாக உள்ள வகுப்புகளில் ஒரு மயக்கம் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. வீரமாமுனிவர் சூசையைப் பற்றிப் பாடிய யாவும் விவிலியத்தில் உள்ளவை என்றே மாணவர்கள் விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். நற்செய்தி நூல்களிலோ சூசை வாய் திறந்து பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னபடி செய்கிறார், அவ்வளவுதான். அந்த மௌனத்தின்மேல் 3615 பாடல்கள் எழுந்தது எப்படி? 17ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி ஆகிர்த மரியாளின் நூல் கதைக்குப் பெருந்துணை நின்றது. முனிவரின் கற்பனையும் தமிழ்க் காப்பிய மரபும் அதனோடு சேர்ந்தன. இதை அறிவதால் காப்பியத்தின் பெருமை கூடுமே தவிரக் குறையாது. ஆயினும் தேர்வுக் கையேடுகள் 'விவிலியக் கதை' என்ற இரு சொற்களோடு கடந்துவிடுகின்றன.

ஆகவே, கிறித்தவ நூல்களில் நம்பத்தக்கவை எவை என்ற கேள்வி திருச்சபையாருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் படிக்கும் நமக்கும் உரியது. ஆசிரியரின் பக்தியோ, அட்டையின் கனமோ, எத்தனையாம் பதிப்பு என்பதோ இதற்கு அளவுகோல் ஆகா. தன் சரக்கு எங்கிருந்து, யார் கைவழியே வந்தது என்று சொல்லும் நூலையே நாம் நம்ப வேண்டும். கீழக்கரையில் இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. நபிமொழி ஒன்றைச் சொன்னால், அறிவித்தவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று வரிசையாக விசாரிக்கும் கல்வி மரபை அறிந்த ஊர் இது. அதே விசாரணையை அண்டைச் சமயத்தாரின் நூலிடமும் வைக்கலாம். அது அவமதிப்பு ஆகாது.

இந்தக் கடற்கரையின் தொடக்ககாலக் கிறித்தவ எழுத்துகள் அந்த விசாரணையைத் தாங்கி நிற்கின்றன என்பது சுவையான செய்தி. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில், தமிழில் ஓதப்பட்டு வந்த விசுவாச அறிக்கையைத் திருத்துகிறார். நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்ததாம். கடவுள் வேண்டும் என்பது வேறு, கடவுளை நம்புகிறேன் என்பது வேறு அல்லவா? சவேரியாருக்குத் தமிழ் சரிவரத் தெரியாது. இருந்தும், மக்கள் வாயில் ஏறிவிட்ட மன்றாட்டைத் திருத்த அவர் தயங்கவில்லை.

கீழக்கரைக்குக் கிழக்கே, மண்டபம் செல்லும் வழியிலுள்ள வேதாளையில் 1549இல் அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருக்குப் பின் இத்துறையின் பொறுப்பு அன்றிக் அடிகளாரிடம் வந்தது. அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றவர்; இலக்கணம் எழுதியவரும்கூட. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்டது. மொழிபெயர்த்தவர் பெயர், இசைவளித்த அதிகாரிகள், அச்சிட்ட ஊர், நாள் அனைத்தும் அதில் உள்ளன. உடன் உழைத்த மனுவேல் அடிகளின் பெயரும் விடுபடவில்லை. இன்று நம் கைக்கு வரும் விளக்கவுரைகள் பலவற்றில் மூலநூல் எது என்ற குறிப்பும் இல்லை, மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை! (இசைவு முத்திரையை மட்டும் கண்டு மயங்கவும் வேண்டாம். கோட்பாட்டுக்கு மாறில்லை என்பதற்கு அது சான்று. உள்ளே இருக்கும் ஆண்டுக் கணக்குக்குச் சான்று அன்று.)

தெரியாததையும் ஐயத்துக்கு உரியதையும் ஒளிக்காமை மற்றோர் அடையாளம். புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ.வே.சா., ஏடு சிதைந்த இடங்களைத் தம் சொல்லால் நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டார். அந்தப் புள்ளிகளால்தான் மற்ற அடிகளை நாம் துணிந்து மேற்கோள் காட்டுகிறோம். விவிலியத்துக்கும் இதே நீதிதான். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப்படிகள் இரண்டிலும் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு முடிகிறது. எஞ்சிய 12 வசனங்கள் இல்லை. இதை அடிக்குறிப்பில் சொல்லும் பதிப்பு நம்பிக்கையைக் குலைப்பதாகச் சிலர் வருந்துகிறார்கள். இடைச்செருகல் பற்றிய பேச்சைக் கேட்டுக் கம்பனைக் கைவிட்ட தமிழன் எவனும் உண்டா?

சொற்களின் கதை இன்னும் விரிவானது. தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று ஒரே பொருளுக்கு நாலு நூற்றாண்டுகளில் இத்தனை பெயர்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வாதம் நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விவிலியம் பயில்பவருக்கு அந்த வாதம் கேட்பதே இல்லை.

கல்லூரி நூலகத்துக்கு எவற்றை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பையும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி உருவாக்கிய 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தையும் அருகருகே வையுங்கள். எந்தச் சொல் எவ்வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதி ஒன்றும், பாலஸ்தீன நிலப்படம் ஒன்றும் போதும். அவற்றோடு, அன்றிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு'. 1586இல் அச்சான இந்நூலை இராசமாணிக்கம் அடிகள் 1967இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். புனிதர் கதைகளில் ஆர்வமில்லாதவர்களும் அதைப் புரட்டலாம். பதினாறாம் நூற்றாண்டில் இக்கரை மக்களுக்கு விளங்கிய உரைநடை எப்படி இருந்தது என்பது, பக்கத்துக்குப் பக்கம் அதில் கிடக்கிறது.