சாமியார் ஆவதற்கு மட்டுமா?

உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகத்தைத் தெரிவுசெய்யும் தோட்டத்துப் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "சாமியாராகவா போகிறாய்?" என்பதே. பெண்பிள்ளையாயின், "சிஸ்டராகவா?" என்போம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே வரலாற்றையும் தமிழையும் போல, கிறிஸ்தவக் கற்கையும் கலைப்பட்டத்திற்குரிய பாடமே. திருச்சபையின் வரலாற்றை ஆராய்கையில், மறைக்கல்வி வகுப்பில் எழாத வினாக்கள் எழும். எழட்டுமே! வினாவுக்கு அஞ்சும் விசுவாசம் எத்தனை நாள் நிலைக்கும்? அயல் லயத்து இந்துச் சகோதரரின் சமயத்தையும் மதிப்புடன் நோக்குமாறு 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மைப் பணித்துள்ளது.

வேலை கிடைக்குமா என்னும் கவலை நியாயமானது. கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் படிக்கவைப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆயினும், இரத்தினபுரியும் கேகாலையும் 1995இல் தனி மறைமாவட்டமாயின. குருக்கள் மட்டுமா அதற்குத் தேவை? நம் பிள்ளைகள் எவரும் இதைக் கற்காவிடில், சமயபாடத்தைத் தமிழில் கற்பிக்கப் பயின்ற ஆசிரியரைத் தோட்டப் பாடசாலைகள் எங்கிருந்து பெறும்?