அவனுக்கு ஏன் ஆந்தை இல்லை?

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு எல்.கே.ஜி. அவ ஸ்கூல்ல 'ஆக்டிவிட்டி கிட்'னு ஒரு டப்பா வாங்கச் சொல்லியிருந்தாங்க. விலை 650 ரூபாய். அப்படி என்னதான் இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தேன். ஏற்கனவே வெட்டி வச்ச ஆந்தைத் தலை, ஆந்தை உடம்பு, ஆந்தை இறக்கை, ஒட்டறதுக்குப் பிளாஸ்டிக் கண்ணு, கொஞ்சம் ஜிகினா. எதை எங்க ஒட்டணும்னு 1, 2, 3 நம்பர் வேற!

குழந்தை செய்ய வேண்டிய வேலை, பின்னாடி இருக்கற பேப்பரை உரிச்சு நம்பர் போட்ட இடத்துல ஒட்டறது மட்டும்தான். கொரியர் ஆபீஸ்ல பார்சல் மேல லேபிள் ஒட்டறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? அதையும் என் மருமக இறக்கையைத் தலைகீழா ஒட்டிட்டா. அக்கா பதறிப்போய் பிச்சு, நேரா ஒட்டினா. கேட்டா, "மிஸ் திட்டுவாங்கடா". ஆக அந்த ஆந்தையை செஞ்சது கம்பெனியும் எங்க அக்காவும்தான்.

இதோட போயிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவ கிளாஸ்ல ஒரு பையன் டப்பா வாங்கலையாம். எல்லாரும் ஒட்டிக்கிட்டிருந்தப்ப அவன் கையைக் கட்டி உக்காந்திருந்தானாம். ஏன்னு கேட்டேன். நாலு வயசுக் குழந்தை ரொம்ப சாதாரணமா சொல்லுது: "அவங்கிட்ட டப்பா இல்ல மாமா, அதனால அவனுக்கு ஆந்தை இல்ல."

நாலு வயசுல இந்தப் பாடம் தேவையா? படம் போடறதுன்னா காசு குடுத்து வாங்கற ஒண்ணுன்னு ஒரு வகுப்பு முழுக்க கத்துக்கிட்டாச்சு. டப்பா இருந்த குழந்தைகளும் சேர்த்துத்தான்.

நம்ம படிக்கறது பி.காம். அதனால கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம். 30 குழந்தைகள், ஆளுக்கு 650. மொத்தம் 19,500 ரூபாய். ஒரு ரீம்ல 500 தாள். குழந்தைக்கு தினம் ஒரு தாள், வருஷத்துக்கு 200 நாள்னா 6,000 தாள், அதாவது 12 ரீம். ரீம் 300 ரூபாய்னு வச்சாலும் 3,600 தான் ஆகுது. ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்ச தாளை ஆபீஸ்ல கேட்டு வாங்கினா அந்தச் செலவும் இல்லை. மீதிப் பணத்துக்கு என்னென்ன வாங்கலாம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

"வசதி இல்லாதவங்க குப்பையில செய்யட்டும், எங்க குழந்தைக்கு நல்லதா குடுப்போம்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். அவங்களுக்கு ஒரு தகவல். இத்தாலியில ரெஜியோ எமிலியான்னு ஒரு ஊர். மழலையர் கல்விக்கு உலகமே அண்ணாந்து பார்க்கற ஊர். அங்க 1996-ல 'ரெமிடா'ன்னு ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலைகள்ல மிஞ்சற துணி, அட்டை, குழாய் இதையெல்லாம் சேகரிச்சு பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்கறதுதான் வேலை. காசில்லாமலா செய்யறாங்க?

பிக்காசோ 1942-ல ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து மாட்டுத்தலை செஞ்சார். நம்ம நாட்டுல சண்டிகர்ல நேக் சந்த், உடைஞ்ச வளையல், பீங்கான் ஓடு இதையெல்லாம் வச்சே ஒரு பூங்காவை உருவாக்கினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்ச அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வச்சுக் குழந்தைகளுக்கு வடிவியல் சொல்லிக் குடுத்தவர். 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இவங்க யாரும் டப்பா வாங்கலை.

சாதாரணப் பொருள்ல ஒரு பெரிய வசதி இருக்கு. அதுக்கு 'சரியான விடை' கிடையாது. ஆந்தை இறக்கையைத் தப்பா ஒட்டலாம், கல்யாணப் பத்திரிகை அட்டையைத் தப்பா ஒட்டவே முடியாது. வீணாப் போனாலும் யாரும் அடிக்க வர மாட்டாங்க. பயம் இல்லாத இடத்துலதானே குழந்தை எதையாவது செஞ்சு பார்க்கும்?

நம்ம வீட்டுலயே எவ்வளவு இருக்கு! அடுப்புக்கரி, செம்மண், பீட்ரூட் சாறு, மைதா பசை, பழைய நியூஸ்பேப்பர், தீப்பெட்டி, தேங்காய் நார். மஞ்சள் தூளைக் கரைச்சுத் தாள்ல பூசிக் காய வச்சு, மேல சோப்புத் தண்ணியால வரைஞ்சா கோடு சிவப்பா வரும். எந்த கிட்ல இருக்கு இந்த மேஜிக்?

சிக்கனம்னா மட்டமானதைக் குடுக்கறதுன்னு அர்த்தம் இல்லை. கத்தரிக்கோல் முனை மழுங்கினதா, ஆனா ஒழுங்கா வெட்டறதா இருக்கணும். புளியங்கொட்டை, மணி, பட்டன் எல்லாம் மூணு வயசுக்குக் கீழ வேண்டவே வேண்டாம், நேரா வாய்க்கோ மூக்குக்கோதான் போகும். விலாசம் இல்லாத கலர்ப்பொடியும் வேண்டாம். காசு செலவு பண்ணணும்னா இந்த இடத்துல பண்ணுங்க.

"மிஸ்ஸுக்கு நேரம் ஏது"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஒரு டீச்சர் 30 குழந்தைகளைப் பார்த்துக்கறது லேசில்லை. ஆனா 30 பேரும் ஒரே ஆந்தையை ஒரே மாதிரி செய்யணும்னு நிக்கறதாலதானே பாதி வேலை? ஆளுக்கு ஒரு தாளும் கரித்துண்டும் குடுத்துட்டு விட்டுப் பாருங்க. திருத்த ஒண்ணும் இருக்காது.

அன்னிக்கு சாயங்காலம் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் குடுத்தேன். பீட்ரூட் சாறுல தோய்ச்சு, பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் பூ பூவா குத்தித் தள்ளிட்டா. தரை, சுவர், என் சட்டை எல்லாத்துலயும் பூ. கடைசியா இன்னொரு தாள் கேட்டா. எதுக்குடின்னேன்.

"இது அவனுக்கு."

டிஸ்கி: வெண்டைக்காயை வீணாக்கறதான்னு கோபப்படற அம்மாக்களுக்கு: காம்புப் பக்கம் வெட்டிப் போடற துண்டே போதும்ங்க. பொரியலுக்கு ஒண்ணும் குறையாது!