வள்ளி திருமணம் இன்னும் ஓடுகிறது: செலவு யார் தலையில்?

தமிழில் நீண்ட காலமாக மேடையேறி வரும் இசை நாடகம் எது என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் 'வள்ளி திருமணம்' என்பேன். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நூறாண்டு கடந்துவிட்டது. இன்றும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் கோவில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் ஒலிக்கும். வள்ளி தினைப்புனம் காப்பாள், நாரதர் வந்து தர்க்கம் செய்வார், முருகன் வேடனாக வருவார். விடியும்போது திருமணம் முடியும்.

உலகின் மறுபக்கத்தில், நியூயார்க்கின் பிராட்வேயில், 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' என்ற இசை நாடகம் 1988 ஜனவரி 26 அன்று தொடங்கியது. பிராட்வே வரலாற்றில் அதிக நாள் ஓடிய நாடகம் அதுதான். 13,981 காட்சிகள். வசூல் 130 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். ஆனால் 2023 ஏப்ரல் 16 அன்று அது மூடப்பட்டது.

கோடிகள் குவித்த நாடகம் நின்றுவிட்டது. திரைச்சீலையும் ஆர்மோனியமும் மட்டுமே கொண்ட நாடகம் நிற்கவில்லை. பொருளியல் படிக்கும் எனக்கு இந்த முரண் பெரிய புதிராக இருந்தது. கோலா தெர்லாவில், தேயிலைக்கும் காய்கறிக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு நாடக அரங்கு சற்றுத் தூரம்தான். ஆனால் இந்தப் புதிரை அவிழ்க்கத் தேவையான பாடங்கள் எங்கள் மலையிலேயே இருக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாடகத்துக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று தொடங்கும் செலவு: காட்சி அமைப்பு, உடை, ஒத்திகை, விளம்பரம். ஃபேன்டத்துக்கு 1988-இல் இது சுமார் 80 லட்சம் டாலர். இன்னொன்று ஓட்டும் செலவு: நடிகர் சம்பளம், இசைக்குழு, மேடைப் பணியாளர், அரங்க வாடகை, உரிமைத்தொகை. தொடங்கும் செலவு ஒருமுறை போனால் போனதுதான், திரும்பி வராது. ஆகவே "இந்த நாடகத்தைத் தொடர்வதா, மூடுவதா?" என்ற முடிவில் அதற்கு இடமில்லை. இந்த வார வசூல் இந்த வாரச் செலவைத் தாண்டுகிறதா என்பது மட்டுமே கேள்வி.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 1,000 இருக்கை, டிக்கெட் 100 ரிங்கிட், வாரத்துக்கு 8 காட்சி. அரங்கு நிறைந்தால் 800,000 ரிங்கிட் வரும். வாரச் செலவு 500,000 என்று வைத்துக்கொள்வோம். காட்சிக்குச் சராசரியாக 625 பேர் வந்தால் தலை தப்பும். 650 பேர் வந்தால் வாரம் 20,000 ரிங்கிட் லாபம். இப்போது செலவு பத்து விழுக்காடு கூடி 550,000 ஆகிறது. அதே 650 பேர் வருகிறார்கள், அதே கைதட்டல் கிடைக்கிறது. ஆனால் வாரம் 30,000 ரிங்கிட் நட்டம். ரசிகர் ஒருவர்கூடக் குறையாமலே நாடகம் நட்டத்தில் விழுந்துவிட்டது.

ஃபேன்டத்துக்கு நேர்ந்தது ஏறத்தாழ இதுதான். 27 பேர் இசைக்குழு உட்பட ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் சுமார் 125 பேர் உழைத்தார்கள். வாரச் செலவு 950,000 டாலரை நெருங்கிவிட்டதாக 2022-இல் செய்திகள் வந்தன. பெருந்தொற்றுக்குப் பிறகு சுற்றுப்பயணிகள் குறைந்திருந்த நேரம் அது. மூடப்போகிறோம் என்று அறிவித்ததும் கூட்டம் அலைமோதியது, முடிவுத் தேதியை எட்டு வாரம் தள்ளி வைத்தார்கள். ஆனால் கடைசி வாரக் கூட்டத்தை நம்பி எந்த நாடகமும் ஆண்டு முழுவதும் ஓட முடியாது. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை இரவில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இங்கே எங்கள் ஊர் முட்டைக்கோஸ் உதவிக்கு வருகிறது. விலை விழுந்தால் முட்டைக்கோஸைக் குளிர்பதனத்தில் சில நாள் வைத்து விற்கலாம். இன்றிரவு காலியாக இருந்த இருக்கையை நாளை விற்க முடியாது. அதனால்தான் நியூயார்க்கில் 1973 முதல் அன்றன்றைய மிச்ச டிக்கெட்டுகளைக் குறைந்த விலையில் விற்க தனிக் கூடமே இருக்கிறது. பாதி விலைக்கு விற்றாலும், காலி இருக்கையைவிட அது மேல்.

சரி, செலவு மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை வைத்து அதைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் கொழுந்தைக் கையால் கிள்ளினார்கள். பிறகு கத்தரிக்கோல் வந்தது. இப்போது இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வெட்டுகிறது. ஒரு தொழிலாளி ஒரு நாளில் சேர்க்கும் கொழுந்தின் எடை பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்கு அன்றும் இரண்டு பேர் தேவை, இன்றும் இரண்டு பேர் தேவை. அவர்களைக் கத்தரிக்கோலால் வேகப்படுத்த முடியாது. மற்றத் துறைகளில் ஊதியம் ஏறும்போது கலைஞருக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். உற்பத்தி கூடாமல் ஊதியம் மட்டும் கூடும் இந்த நிலைக்குப் 'பாமோல் செலவு நோய்' என்று பெயர். லண்டனில் ஃபேன்டம் 2021 ஜூலையில் மீண்டும் திறந்தபோது 27 பேர் இசைக்குழு 14 பேராகச் சுருங்கியிருந்தது. அந்த நோய்க்குக் கொடுத்த மருந்து அது.

இன்னொரு மருந்தும் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே செலவைச் சிறியதாக வைத்துக்கொள்வது. 1960-இல் நியூயார்க்கின் ஒரு சிறிய அரங்கில் 'தி ஃபன்டாஸ்டிக்ஸ்' என்ற இசை நாடகம் தொடங்கியது. சுமார் 150 இருக்கை, ஒரு பியானோ, ஒரு ஹார்ப், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள். அது 2002 வரை 17,162 காட்சிகள் ஓடியது. ஃபேன்டத்தைவிட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் அதிகம்.

தமிழ் நாடக உலகம் இந்த இரண்டு வழிகளையும் நூறாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை அன்று இரண்டு வகைக் குழுக்கள் நடத்தின.

முதல் வகை கம்பெனி நாடகம். சுவாமிகளே 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள்தாம். கம்பெனி என்றால் ஆசிரியர், நடிகர், இசைக்கலைஞர், சமையல்காரர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். காட்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூன்று வேளையும் உலை கொதிக்க வேண்டும். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். 1931-இல் தமிழ் பேசும் படம் வந்தது. நாடகத்தின் நல்ல நடிகர்களும் ரசிகர்களின் காசும் மெல்ல மெல்லச் சினிமாவின் பக்கம் போயின. நிலையான செலவைச் சுமந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

இரண்டாவது வகை ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே அழைப்பார்கள். அதனால்தான் 'ஸ்பெஷல்' என்ற பெயர். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் மேடையில் சந்தித்து அப்படியே நடிக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இதன் கணக்கைக் கவனியுங்கள். ஒத்திகைச் செலவு இல்லை. சும்மா இருக்கும் நாளுக்குச் சம்பளம் இல்லை. அரங்க வாடகை இல்லை, மேடை ஊர்ப் பொட்டலில். டிக்கெட்டும் இல்லை! கோவில் கமிட்டியோ, உபயக்காரரோ, நேர்த்திக்கடன் செலுத்துபவரோ மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடுவார்கள். நம் நாட்டில் மாரியம்மன் திருவிழாவுக்கு உபயம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் கலைஞருக்கு அதே தொகைதான். காலி இருக்கை என்ற பயமே இல்லாத நாடகம் இது.

அப்படியானால் இதுதான் சிறந்த வழியா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

செலவு குறைந்துவிட்டது என்று சொல்லும்போது, பல சமயங்களில் அது மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதே உண்மை. கம்பெனி நாடகத்தில் காட்சியில்லாத நாளின் நட்டத்தை முதலாளி சுமந்தார். ஸ்பெஷல் நாடகத்தில் அதைக் கலைஞரே சுமக்கிறார். கோவில் விழாக்கள் நெருங்கி வரும் கோடை மாதங்கள்தாம் அவர்களின் சீசன். அந்தச் சில மாதங்களில் கண்விழித்துச் சம்பாதிப்பதை வைத்து மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். தொண்டை கட்டினால் வருமானம் இல்லை. நகை அடகுக் கடைக்குப் போகும், சீசன் வந்தால் மீளும்.

2020 மார்ச் மாதம் இந்த வேறுபாட்டைப் பளிச்சென்று காட்டியது. பிராட்வே அரங்குகள் மார்ச் 12 அன்று மூடின. அதே மாத இறுதியில் இந்தியாவில் ஊரடங்கு வந்தது, கோவில் விழாக்கள் நின்றன. அங்கே வேலையில்லாதோருக்கான உதவித்தொகை இருந்தது. மூடப்பட்ட அரங்குகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு கோடி டாலர் வரை அரசு மானியம் வந்தது. ஃபேன்டம் 2021 அக்டோபரில் திரும்பவும் திரையைத் தூக்கியது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் உண்டு. ஆனால் அதன் உதவி ஒரு முழு சீசனின் வருமானத்துக்கு ஈடாகாது. வள்ளி திருமணம் என்ற நாடகம் அந்த இரண்டு ஆண்டுகளையும் கடந்து பிழைத்துக்கொண்டது. அதை நடித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது வேறு கேள்வி.

இது நமக்கு ஏன் முக்கியம்? மலேசியாவில் பெரிய மேடை என்றால் 1999-இல் திறக்கப்பட்ட இஸ்தானா புடாயா. 'புத்ரி குனோங் லேடாங்' இசை நாடகம் பெரும் வரவேற்பு பெற்றது. ஆனாலும் 2006-இல் இரண்டு முறை, 2009-இல் ஒரு முறை என்று தவணை முறையில்தான் அங்கு நடந்தது. எல்லாருக்கும் பொதுவான அரங்கில் ஒரே நாடகம் ஆண்டுக்கணக்கில் குடியிருக்க முடியாது. சுற்றுப்பயணிகளை நம்பிக் கோலாலம்பூர் பண்டாராயா அரங்கில் 2014-இல் தொடங்கிய 'மட்' நாள்தோறும் நடந்தது. அதுவும் இன்று இல்லை. நம் தமிழ்க் குழுக்களின் நிலை இன்னும் கடினம். மூன்று மாதம் ஒத்திகை, இரண்டே இரவு மேடை, பிறகு உடைகள் பெட்டிக்குள். தொடங்கும் செலவை இரண்டு இரவுகளில் மீட்க எந்தக் கணக்காலும் முடியாது.

ஸ்பெஷல் நாடகத்திடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த சில நாடகங்கள், சிறிய குழு, தோட்டத்துக் கோவிலிலும் பள்ளி மண்டபத்திலும் ஏறக்கூடிய எளிய மேடை. ஒருமுறை போட்ட செலவை ஐம்பது இரவுகளுக்குப் பகிரலாம். நாம் எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று இருக்கிறது. அது, நட்டத்தை நடிகரின் தலையில் கட்டுவது. பெர்கெசோவின் சுயதொழில் காப்புறுதித் திட்டத்தில் கலைத்துறையும் சேர்ந்திருக்கிறது. வேலையில் விபத்து நேர்ந்தால் அது கைகொடுக்கும். காட்சி ரத்தானால் கைகொடுக்காது. ஒவ்வொரு உபயத் தொகையிலும் ஒரு சிறு பங்கைப் பொது நிதியாக ஒதுக்கினால் அந்த ஓட்டையைக் கொஞ்சமாவது அடைக்கலாம்.

எஸ்.டி.பி.எம். பொருளியல் தேர்வில் நிலையான செலவு, மாறும் செலவு என்று இரண்டு வளைகோடு வரைவோம். நாடகம், தேயிலை, உணவு விநியோகம் என்று எந்தத் தொழிலாக இருந்தாலும், நிலையான செலவு திடீரென்று கீழே இறங்கினால் உடனே கைதட்ட வேண்டாம். அந்தச் சுமை இப்போது யார் வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.