குப்பைக் குழியும் கரிசல் நிலமும்

கரிசற்காட்டுக் குடியானவர்களின் பேச்சில் 'குப்பை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வீட்டிலிருந்து கழித்துக் கொட்டப்படுவதும் குப்பை. கோடையில் வண்டி கட்டி நிலத்துக்கு அடிக்கப்படும் எருவும் குப்பையே. முன்னோர் இவ்விரண்டையும் வேறு வேறாகக் கருதவில்லை. இன்று அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிப் பூமியில், குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களைச் சுற்றிலும், ஒன்று மற்றொன்றாக மாறும் வழி அடைபட்டு வருகிறது. சாணமும் சாம்பலும் கூளமும் பிளாஸ்டிக் பைகளோடு கலந்துவிட்டால் அந்தக் குப்பையை எவரும் நிலத்துக்கு அடிக்கத் துணிவதில்லை. அது மேடாகக் கிடக்கிறது. அல்லது தீக்கு இரையாகிறது.

இதனால் ஊர் அசுத்தமாவது ஒரு நஷ்டம். நிலம் பட்டினி கிடப்பது அதனினும் பெரிய நஷ்டம். மானாவாரிப் பருத்திக்கு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடவேண்டும் என்பது விவசாய இலாகாவின் சிபார்சு. உழவு மாடுகள் குறைந்து டிராக்டர் வந்த பிறகு, தம் தொழுவிலிருந்து மட்டும் அவ்வளவு எருவைச் சேர்க்கக்கூடியவர் மிகச் சிலரே. மூட்டை உரம் பயிருக்குச் சத்தைக் கொடுக்குமேயன்றி மண்ணுக்கு மக்கைக் கொடுக்காது. வடகிழக்குப் பருவமழை நாலு நாள் பெய்து பத்து நாள் ஏமாற்றும் இந்தச் சீமையில், ஈரத்தைப் பிடித்து வைப்பது மக்குதான். ஆகையால் ஊர்க்குப்பையை வீணாக்குவது, பெய்த மழையில் ஒரு பங்கை வீணாக்குவதற்கு ஒப்பாகும்.

கழிவை எருவாக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. ஸர் ஆல்பர்ட் ஹோவார்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் கம்போஸ்டு முறையை வகுத்தார். அங்கும் பருத்தியே முக்கியப் பயிர். எளிதில் மக்காத பருத்திமாரைப் பாதையில் பரப்பி வண்டிச் சக்கரங்களால் நசுக்கி, பிறகு மாட்டின் கீழ்ப் படுக்கையாக இட்டு, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றோடு குழியில் சேர்த்தார். மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கினார். ஆனால் இம்முறைக்குத் தண்ணீரும் ஆள்கூலியும் அதிகம். 1939-இல் பெங்களூரில் ஆச்சார்யா என்பவர் வகுத்த முறை வறட்சிப் பிரதேசத்துக்கு அதிகப் பொருத்தமானது. குழியில் கழிவை அடுக்கடுக்காக நிரப்பி, நனைத்து, மேலே சேற்றால் மெழுகிவிட வேண்டும். பின்னர் புரட்டுவதும் இல்லை, நீர் தெளிப்பதும் இல்லை. ஆறு முதல் எட்டு மாதத்தில் எரு தயாராகும். மாசியில் மெழுகிய குழியைப் புரட்டாசியில் திறந்து, விதைப்புக்கு முன் நிலத்தில் சிதறலாம்.

இவ்வளவு சுலபமான காரியம் தடைப்படுவதற்குக் காரணம் ஒன்றே. குப்பை, பிறக்கும் இடத்திலேயே கலந்துவிடுகிறது. ஒரு குழியில் நூறு கூடை நல்ல கூளமிருந்தாலும், அதில் உடைந்த கண்ணாடியும் பாட்டரிக் கட்டையும் பாலிதீன் பைகளும் இருந்தால் அந்த எரு முழுவதும் பாழ்தான். நிலத்தில் விழுந்த பை மக்குவதில்லை. மழைநீர் இறங்குவதைத் தடுக்கிறது. அதைத் தின்ற மாட்டின் வயிறு அடைபடுகிறது. கொளுத்தினாலோ விஷப்புகை கிளம்புகிறது.

பிரிக்கும் வேலை ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுடையது என்று பலர் எண்ணுகின்றனர். இது நியாயமுமன்று, சாத்தியமுமன்று. இருநூறு வீட்டார் கலந்ததை இரண்டு மூன்று பேர், அதுவும் சொற்ப ஊதியத்தில், கையால் கிளறிப் பிரிக்க வேண்டுமென்பது எந்தத் தர்மம்? வீட்டில் இரண்டு கூடை வைப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் மக்குவது, மக்காதது, அபாயகரமானது என மூன்றாக வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென்றே விதித்தன. சில பிளாஸ்டிக் சாமான்களை 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு சர்க்கார் தடை செய்தது. சட்டத்தில் குறைவில்லை, அனுஷ்டானத்தில்தான் குறைவு.

வியாபாரஸ்தலங்களுக்கும் இதில் பங்குண்டு. கலியாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்தில் விழும் வாழையிலை ஒரு குழிக்குப் பாதி உணவு. அதனுடன் பிளாஸ்டிக் தம்ளரைச் சேர்த்து எறிகிறவர், எருவையும் சேர்த்தே எறிகிறார். ஓட்டல், காய்கறிக்கடை, பருத்தி அரைவை ஆலை ஆகியவற்றின் கழிவும் இவ்வாறே. மக்காதவற்றுக்கும் வழியில்லாமலில்லை. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின்மேல் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டு, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் சாணத்தில் புரண்ட பிளாஸ்டிக் சாலைக்கும் உதவாது. பிரித்து வைத்தால் இரண்டும் பொருள். கலந்தால் இரண்டும் பாழ்.

ஊராட்சிகள் எத்தனை வண்டி குப்பை அள்ளினோம் என்று கணக்கெழுதுகின்றன. எத்தனை வண்டி எரு நிலத்துக்குப் போயிற்று என்பதே சரியான கணக்கு. சுத்தமான எருவை நியாயமான விலைக்கு விற்று, அந்தத் தொகையில் ஒரு பகுதியைத் தூய்மைக் காவலருக்குக் கையுறை முதலியன வாங்கவும் ஊக்கத்தொகை அளிக்கவும் ஒதுக்கலாம். நிலமுடையவர்கள் அந்த எருவை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். வாங்குவோர் இல்லாத எருக்கிடங்கு நாளடைவில் மறுபடியும் குப்பைமேடாகிவிடும்.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பது வழக்கமான ஆட்சேபம். ஆட்டுக்கிடை போட ஆயர்களை வலிந்து தேடிச் செல்லும் சம்சாரி, தம் வாசலில் விழும் எருவுக்கு இரண்டு கூடை வைக்கத் தயங்குவது விந்தையே. கிராமத்தில் முதல்வராக விளங்கும் நிலச் சொந்தக்காரர்களும், ஊராட்சித் தலைவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும் இந்தக் கோடையில் தத்தம் வீட்டிலேயே இதைத் தொடங்குவார்களாயின், ஏனையோரும் தயக்கமின்றிப் பின்பற்றுவர். 'குப்பை' என்ற சொல்லுக்கு அதன் பழைய இரண்டாவது பொருளும் மீண்டும் கிட்டும்.