"நேர்ஸிட்டயோ?" என்று அம்மம்மா கேட்டபோது

எங்கள் குடும்ப டொக்டர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. அம்மம்மாவுக்கு 79 வயது, சர்க்கரை வருத்தம், பிறஷர். ஸ்காபரோவில் எத்தனையோ கிளினிக்குகளுக்குப் போன் பண்ணினேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: புது ஆட்களை எடுப்பதில்லை.

கடைசியில் ஒரு கிளினிக்கில் இடம் இருந்தது. ஆனால் பார்ப்பவர் நேர்ஸ் பிரக்டிஷனர். போனைக் கையில் வைத்துக்கொண்டே அம்மம்மாவிடம் சொன்னேன்: "ஒரு நேர்ஸ் பாப்பாவாம், போவமோ?"

"நேர்ஸிட்டயோ? வேண்டாம் தம்பி. டொக்டர் கிடைக்கட்டும்."

நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஏழு மாதம் போனது. மருந்து முடியும்போதெல்லாம் வோக்-இன் கிளினிக்கில் எழுதி வாங்கினோம். அங்கே யாரும் அம்மம்மாவின் சப்பாத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஒருநாள் சாக்ஸில் ஈரம். உள்ளங்காலில் புண்.

அதே கிளினிக்குக்குத்தான் ஓடினோம், நல்லகாலம் இன்னும் இடம் இருந்தது. அந்த நேர்ஸ் பிரக்டிஷனர் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தார், இரத்தப் பரிசோதனை எழுதினார், மருந்தை மாற்றினார், கால் பராமரிப்பு நிபுணரிடம் அனுப்பினார். இரண்டு மாதம் மருந்து கட்டினோம். கால் தப்பியது.

பிழை அம்மம்மாவுடையது இல்லை. என்னுடையது. நான் "நேர்ஸ்" என்று மொழிபெயர்த்தேன். அவவுக்குக் கேட்டது ஊசி போடுகிற பிள்ளை.

நேர்ஸ் பிரக்டிஷனர் என்பவர் முதலில் பதிவுபெற்ற தாதி. அதன்மேல் பட்டமேற்படிப்பு முடித்தவர். ஒன்ராறியோவில் அவர் நோயைக் கண்டறியலாம், பரிசோதனை கேட்கலாம், மருந்து எழுதலாம், நிபுணரிடம் அனுப்பலாம். இதற்கெல்லாம் டொக்டரின் கையெழுத்து தேவையில்லை. பிசிஷன் அசிஸ்டன்ட் வேறு. அவர் டொக்டரின் மேற்பார்வையில்தான் வேலை செய்வார். 2025 ஏப்ரல் 1 முதல் ஒன்ராறியோவில் டொக்டர்மாரை ஒழுங்குபடுத்தும் அதே அமைப்புத்தான் அவர்களையும் ஒழுங்குபடுத்துகிறது.

இது நேற்று வந்த பரிசோதனையும் இல்லை. 1970களின் தொடக்கத்தில், எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பேர்லிங்டனிலேயே ஓர் ஆய்வு நடந்தது. சுமார் 1,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை டொக்டரிடமும் மற்றவர்களை நேர்ஸ் பிரக்டிஷனரிடமும் விட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரு பகுதியினரின் ஆரோக்கியமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. வந்த தேவைகளில் மூன்றில் இரண்டை நேர்ஸ் பிரக்டிஷனரே தனியாகப் பார்த்து முடித்தார். 1974இல் முடிவு வெளியானது. ஆனால் அந்த முறை டொக்டருக்கு இலாபமாக இல்லை, ஏனென்றால் நேர்ஸ் செய்த வேலைக்கு அரசாங்கத்திடம் பில் போட முடியவில்லை.

அரை நூற்றாண்டு கழித்தும் சிக்கல் அதேதான். 2007இல் சட்பரியில் நேர்ஸ் பிரக்டிஷனர்களே நடத்தும் கனடாவின் முதல் கிளினிக் திறந்தது. அப்படியான இடங்களுக்கு மாகாணம் காசு கொடுக்கிறது. ஆனால் தனியாக வேலை செய்யும் நேர்ஸ் பிரக்டிஷனர் ஓகிப்புக்கு பில் போட முடியாததால், சிலர் நோயாளியிடமே காசு வாங்கிவந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சர் மாகாணங்களுக்குக் கடிதம் எழுதினார்: டொக்டர் செய்தால் இலவசமான அவசிய சேவைக்கு, நேர்ஸ் பிரக்டிஷனர் செய்தாலும் காசு வாங்கக்கூடாது. அதற்குக் குறித்த நாள் 2026 ஏப்ரல் 1. உங்கள் மாகாணம் அதை எப்படி நிறைவேற்றுகிறது என்று உங்கள் எம்பிபியிடம் கேளுங்கள். வோட்டுக் கேட்டு வருகிறவர்தானே.

"அப்போ டொக்டரே தேவையில்லையா?" என்று கேட்பீர்கள். தேவை. நான் ஐடியில் வேலை செய்கிறேன். முதலில் பிரச்சினையைப் பார்ப்பவர் எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியதில்லை. எப்போது அடுத்தவரிடம் அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அனுப்ப ஒருவர் இருக்கவும் வேண்டும். இங்கிலாந்தில் இதே பிசிஷன் அசிஸ்டன்ட் வேலை பெரிய சர்ச்சையானதற்கு ஒரு காரணம், தாங்கள் பார்ப்பது டொக்டரா இல்லையா என்றே பல நோயாளிகளுக்குத் தெரியாமல் போனது. அதனால் வெட்கப்படாமல் கேளுங்கள்: நீங்கள் யார்? சிக்கலானால் யாரிடம் அனுப்புவீர்கள்? அடுத்த முறையும் உங்களையே பார்க்கலாமா?

கால் ஆறிய பிறகு அம்மம்மாவிடம் கேட்டேன், ஊரில் வருத்தம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்று.

"ஆஸ்பத்திரியில ஒரு ஐயா இருந்தவர். அப்போதிக்கரி. பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்திலயெல்லோ. உன்ர அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோதும் அவர்தான் பாத்தவர்."

"அவர் டொக்டருக்குப் படிச்சவரோ?"

"இல்லை. ஆனா எங்களுக்கு அவர்தான் டொக்டர்."

அந்தச் சொல்லை ஏழு மாதத்துக்கு முதலே நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் போன் எடுப்பதும் நாங்கள், படிவம் நிரப்புவதும் நாங்கள், மொழிபெயர்ப்பதும் நாங்கள். அடுத்த முறை ஒரு கிளினிக் "நேர்ஸ் பிரக்டிஷனரிடம் இடம் இருக்கிறது" என்று சொன்னால், "நேர்ஸ்" என்று சுருக்கிவிடாதீர்கள். "அப்போதிக்கரி மாதிரி, ஆனா இன்னும் கூடப் படிச்சவ" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் அம்மம்மா இப்போது எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறா.