குறும்பா, நோயா?

வகுப்பில் ஒரு சிறுமி அமைதியாக அமர்ந்திருப்பதில்லை. தோள் துள்ளுகிறது; முகம் சுளிக்கிறது; எழுதுகோல் கையினின்று நழுவி விழுகிறது. சென்ற மாதம்வரை திருத்தமாயிருந்த கையெழுத்து கோணலாகிவிட்டது. ஆசிரியர் கண்டிக்கிறார். அக்கண்டனம் நீதியாகுமா?

மூளை ஆணையிடுகிறது, தசை கீழ்ப்படிகிறது என்று பள்ளிகளில் கற்பிப்பதுண்டு. இது பாதி உண்மையே. பெருமூளைப் புறணி அசைவுகளைத் திட்டமிட்டு ஆணை பிறப்பிக்கிறது என்பது மெய். ஆனால் மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத்திரள்கள், வேண்டிய அசைவுக்கு வழிவிட்டு வேண்டாதவற்றைத் தடுக்கின்றன. அவற்றை ஏரியின் மதகுக்கு ஒப்பிடலாம். மதகு இறுகினால் நீர் வருவது குறையும். பார்க்கின்சன் நோயில் அசைவுகள் மந்தமாவது இவ்வாறே. மதகு தளர்ந்தால் வேண்டாத நீரும் பாயும்; சிறுமியின் நிலை இதுவாக இருக்கலாம்.

இந்நோயை ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686-ஆம் ஆண்டில் விவரித்தார். அவர் பெயராலேயே இது சிடன்ஹாம் கொரியா எனப்படுகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுவரை உள்ளோரைப் பற்றும், சிறுமியரிடம் மிகுதி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் உண்டாகிச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் இது தோன்றுகிறது. கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிய எதிர்ப்பொருள்களே நரம்புத்திரள்களையும் தாக்குகின்றன என்பது அறிஞர் கருத்து.

அசைவுகள் சில மாதங்களில் தாமே தணிவதுண்டு. அதனால் அசட்டை செய்தல் தகாது. இது ருமாட்டிக் காய்ச்சலின் ஓர் அறிகுறி; அக்காய்ச்சல் இதய வால்வுகளை நிலையாகப் பழுதாக்க வல்லது. மருத்துவர் விதித்தபடி பெனிசிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாது செலுத்தினால், அது மீண்டும் தாக்காமல் பெரிதும் தடுக்கலாம்.

துறுதுறுவென்றிருக்கும் குழந்தைகளையெல்லாம் மருத்துவமனைக்கு அனுப்புவதா என்று சிலர் வினவலாம். அது தேவையில்லை. இயல்பான குறும்பு நெடுநாளாகவே இருப்பது. இந்நோயோ நன்றாயிருந்த குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. விழித்திருக்கையில் ஓயாத அசைவுகள் உறக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இவ்விரண்டையும் பெற்றோரிடம் கேட்டறிவது கடினமன்று.

ஆகவே, இத்தகைய மாற்றத்தைக் காணும் ஆசிரியர், தண்டிக்குமுன் பெற்றோரை அழைத்துப் பேசுதல் வேண்டும். களப்பணியாளர், பேயென்றும் கண்ணேறென்றும் ஊரார் கூறுவதோடு நில்லாமல் குழந்தையை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்; அசைவு நின்றபின்னும் ஊசி தவறாதபடி கவனித்து வரவேண்டும். கைகளின் ஆட்டம் அடங்கிவிடலாம். இதயத்திற்கு நேர்ந்த பழுது வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும்.